‘வா’ன்னு கூப்பிட்டா ஓடுற நாய்: நான் பட்ட பாடு

போன தீபாவளிக்கு முதல்நாள் விடியக்காலை. தேனி மாவட்டம் கூடலூரிலிருந்து லோயர் கேம்ப் போகிற ரோட்டை ஒட்டிய ஒரு திராட்சைத் தோட்டத்து வரப்பில் நின்றிருந்தேன். இருபது அடி தள்ளிப் பந்தலுக்கடியில் என் நாய். இரண்டு ராத்திரியாகக் காணாமல் போயிருந்தது. “வாடா செவலை, வாடா தங்கம்” என்றதும் தலையைத் தூக்கிப் பார்த்தது. என்னை அடையாளம் தெரிந்தது, அதில் சந்தேகமே இல்லை. தெரிந்ததால்தான் காதை மடக்கி, வாலைக் கவட்டுக்குள் சொருகிக்கொண்டு, திரும்பி ஓடியது. வேற்று ஆளைக் கண்டு மிரண்டு ஓடியிருந்தால் மனசு ஆறியிருக்கும். நாலு மாசமாக என் வீட்டில் வளர்ந்தது, என் குரலைக் கேட்டு ஓடியது.

அந்த ஓட்டத்தை அதுக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தான் என்று புரிய எனக்கு 13,000 ரூபாயும் ஒரு நாய்க்கடியும் ஆனது. முன்னாடியே யாராவது சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன். அதனால் எழுதுகிறேன்.

நான் வீட்டில் ஜாக்கெட் தைக்கிறவள். வீட்டுக்காரர் வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்டத்தில் கணக்குப்பிள்ளை, சனிக்கிழமை மலையிறங்கி வந்து திங்கள் விடியுமுன் ஏறிவிடுவார். மகன் காலேஜ் ஹாஸ்டல். ஆனி மாசம் லீவில் வந்தவன், கோம்பையில் அவன் கூட்டாளி வீட்டில் போட்ட குட்டி என்று 45 நாள் குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். “அசல் கோம்பைம்மா, பன்னி வேட்டைக்குப் போற சாதி” என்றான். மூஞ்சி மட்டும் கருப்பு, உடம்பு செவலை. அசலோ பாதியோ, எனக்கு வித்தியாசம் தெரியாது. பத்து நாள் கொஞ்சிவிட்டு அவன் ஹாஸ்டலுக்குப் போய்விட்டான். குட்டி எனக்கும் என் மாமியாருக்கும் மிஞ்சியது.

பெயரிலேயே குழப்பம் ஆரம்பித்தது. மகனுக்கு அது ‘ராக்கி’. அத்தைக்குச் ‘செவலை’. வீட்டுக்காரர் பெயரே சொல்ல மாட்டார், விசில்தான். நான் ‘வாடா’, ‘டேய்’, ‘இங்க வா’, ‘வர்றியா இல்லையா’ என்று வாயில் வந்ததெல்லாம். குட்டியாக இருந்தவரை எதைச் சொன்னாலும் உருண்டுகொண்டு வந்து காலில் விழும். அதைப் பார்த்து, கூப்பிட்டால் வருகிற நாய் என்று நானும் நம்பிவிட்டேன். இரண்டு மாசக் குட்டி வருவது கீழ்ப்படிந்து அல்ல, தனியாக இருக்கப் பயந்து. அந்தப் பயம் நாலைந்து மாசத்தில் தெளிந்துவிடும். நாம் உருப்படியாக ஒரு சொல்லைப் பழக்க வேண்டியது அந்த இரண்டு மாசத்தில்தான். சும்மாவே வருகிறதே என்று அந்தக் காலத்தை வீணடித்தேன்.

வீணடித்ததோடு நிற்கவில்லை. நான் எதுக்கெல்லாம் அதை ‘வா’ என்று கூப்பிட்டேன் என்று பின்னாடி யோசித்துப் பார்த்தேன். காலை ஏழு மணிக்கு மெஷினில் உட்காருமுன் கட்டிப்போட. ஞாயிற்றுக்கிழமை குளிப்பாட்ட. காதில் உண்ணி எடுக்க. தடுப்பூசிக்குத் தூக்கிப் போக. தெருவில் மற்ற நாய்களோடு விளையாடிக்கொண்டிருக்கும்போது விளையாட்டை முடிக்க. இது அத்தனைக்கும் நான், சோறு வைக்கிறது மட்டும் அத்தை. ஒருநாள் அரைமணி நேரம் கத்திய பிறகு வந்தது. வந்ததும் செருப்பால் ஒன்று வைத்தேன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நிறையப் பேர் செய்கிறோம். ‘ஏன் லேட்டு’ என்பதற்கு அடித்தேன் என்று நான் நினைத்துக்கொண்டேன். அதைப் பொறுத்தவரை கிட்டே வந்தது, அடி விழுந்தது, அவ்வளவுதான். நாய்க்குத் தமிழ் தெரியாது. ஒரு சத்தத்துக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பது மட்டும் தெரியும்.

ஆவணி கடைசியில் அது பக்கத்து வீட்டுக் காம்பவுண்டைத் தாண்டியது. நான் சுவரின் இந்தப் பக்கம் நின்று இருபது தடவை கத்தினேன். அந்தப் பக்கம் இரண்டு நாட்டுக்கோழி போய்விட்டன. 1,200 ரூபாய் கொடுத்தேன், பேச்சுவார்த்தை இன்னும் முழுசாகச் சரியாகவில்லை. அதற்குப் பிறகுதான் பயிற்சி கொடுக்கிற ஆள் ஒருவரைப் பிடித்தோம். முன்பணம் 3,000. வந்தவர் கழுத்தை இறுக்குகிற சங்கிலி ஒன்றைப் போட்டு, ‘கம்’ என்று சொல்லிச் சுண்டி இழுப்பார். மூன்றே நாள் வந்தார், அப்புறம் போன் எடுக்கவில்லை. பணம் போனது போகட்டும். கயிறை எடுத்தாலே செவலை கட்டிலுக்கடியில் நுழைகிற பழக்கத்தை அவர் விட்டுவிட்டுப் போனார். யாரையாவது கூப்பிடுவதாக இருந்தால், முதல்நாள் அவர் கையில் சங்கிலி இருக்கிறதா, தீனி இருக்கிறதா என்று பாருங்கள். என் கண் முன்னால் சொல்லிக்கொடுங்கள் என்று கேளுங்கள். நாயை விட்டுவிட்டுப் போங்கள், பழக்கித் தருகிறேன் என்றால், பழகுவது அவரோடுதானே தவிர உங்களோடு இல்லை.

தீபாவளி வேலை. தைக்க வேண்டிய ஜாக்கெட் மலைபோல் குவிந்து கிடந்தது. ஒரு பொண்ணு துணி வாங்க வந்து கேட்டைச் சாத்தாமல் நின்றிருந்த நேரம், தெருமுனையில் பையன்கள் சரவெடியைக் கொளுத்திவிட்டார்கள். செவலை எனக்கு முன்னாலேயே, என் காலை உரசிக்கொண்டு வெளியே பாய்ந்தது. “வா, வா, வா” என்று பின்னாலேயே ஓடினேன். அந்தக் கத்தலில் அதுக்கு என்ன கேட்டிருக்கும்? வெடி ஒருபக்கம், ‘வா’ இன்னொரு பக்கம். இரண்டுமே பயம்.

அன்றைக்கு ராத்திரி பத்து மணிவரை 18ஆம் கால்வாய்க் கரையெல்லாம் டார்ச் அடித்துத் தேடினேன். மறுநாள் ஜீப் ஸ்டாண்டில் ஒருத்தர், செவலை நாய் ஒன்று கேரள எல்லைக் குமுளிக்கு ஏறுகிற ஜீப் பின்னால் ஓடியதாகச் சொன்னார். எங்கள் ஊரில் விடியக்காலையில் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலையேறும். அதைத் துரத்துவது எல்லா நாய்க்கும் பொழுதுபோக்கு. நம்பிக் குமுளிக்குப் போனேன். டீக்கடை டீக்கடையாக, தெரிந்த மலையாளத்தில் “ஒரு சுவந்ந பட்டியைக் கண்டோ சேட்டா” என்று கேட்டேன். (அங்கே பட்டி என்றால் நாய். சுருளிப்பட்டி, அனுமந்தன்பட்டி என்று நம்ம பக்கத்து ஊர்களைச் சொன்னால் அவர்கள் வாயைப் பொத்திக்கொள்வது அதனால்தான்.) ஒருத்தர் சிரிக்காமல், “நாடன் ஆணோ?” (நாட்டு நாயா) என்று கேட்டுவிட்டு, பேப்பரில் என் நம்பரை எழுதி வாங்கிக்கொண்டார். பஸ், ஆட்டோ, ஒட்டின நோட்டீஸ் எல்லாம் சேர்த்து 700 ரூபாய், ஒரு நாள் முழுசாக. தைத்துத் தர முடியாமல் திருப்பிக் கொடுத்த ஜாக்கெட் 14. அது ஒரு 3,500. நாயோ ஊரை விட்டுப் போகவே இல்லை. கழுத்தில் ஒரு பட்டையும், அதில் என் போன் நம்பரும் இருந்திருந்தால் அந்த ஒருநாள் அலைச்சல் மிச்சம். பட்டை வீட்டில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் காலையில் அந்தத் தோட்டக்காரர் போன் போட்டார். “தாயி, ஒங்க நாயி நம்ம பந்தலுக்கடியில கெடக்கு, வெரசா வாங்க.” போனேன், கூப்பிட்டேன், ஓடியது. அத்தோடு விட்டேனா? துரத்தினேன். நாலு காலை இரண்டு கால் எங்கே பிடிப்பது? நான் ஓட ஓட அது ரோட்டைப் பார்த்து ஓடியது. ஒரு ஜீப் பிரேக் அடித்த சத்தத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அது ரோட்டுக்கு இந்தப் பக்கமே, முள்வேலி ஓரம் பதுங்கி நடுங்கிக்கொண்டிருந்தது.

அதற்குள் அத்தை வந்துசேர்ந்தார். எழுபது வயசு, மூட்டுவலி. “நீ செத்த சும்மா நில்லுத்தா” என்று என்னை ஒதுக்கிவிட்டு, நாய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தார். மடியிலிருந்து தூக்குவாளியை எடுத்தார். கருவாட்டுக் குழம்பு ஊற்றிப் பிசைந்த சோறு. அதை ஒரு கை அள்ளிப் பக்கத்தில் வைத்துவிட்டு, தெருவில் யாரிடமோ பேசுகிற மாதிரி மெல்ல, “இந்தா… இந்தா…” என்றார். கூப்பிடக்கூட இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. ஐந்து நிமிஷம் இருக்கும். வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டு ஊர்ந்து வந்து, அவர் முட்டியில் மூக்கை வைத்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. பாய்ந்து கழுத்தைப் பிடித்தேன். கடித்துவிட்டது. உள்ளங்கையில் இரண்டு பல். அதன் மேல் தப்பே இல்லை, மூலையில் மாட்டிக்கொண்ட பிராணி. தோட்டத்து மோட்டார்த் தண்ணீரிலேயே சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவினேன். நாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தும், இரண்டு ராத்திரி வெளியே எதோடு கடிபட்டதோ என்று அரசு ஆஸ்பத்திரியில் அன்றைக்கே எனக்கு ஊசி போட்டார்கள். அப்புறம் 3, 7, 28ஆம் நாள் என்று கணக்கு. வீட்டு நாய்தானே என்று இதை மட்டும் யாரும் தள்ளிப்போட வேண்டாம். வெறிநாய்க்கடி நோய் வந்தபிறகு வைத்தியம் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் செவலை வாந்தி எடுத்தது, பார்த்தால் திராட்சைத் தோல். எங்கள் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை வருஷம் முழுக்கக் காய்க்கும். பந்தலுக்கடியில் உதிர்ந்து கிடந்ததைப் பசிக்குத் தின்றிருக்கிறது. திராட்சை நாய்க்கு விஷம் என்று, திராட்சைத் தோட்டத்துக்கு நடுவே இருபது வருஷம் குடியிருக்கிற எனக்குத் தெரியாது. கால்நடை டாக்டர் சொல்லித்தான் தெரியும். சிறுநீரகத்தைக் கெடுக்கும். எவ்வளவு தின்றால் கெடும் என்பது நாய்க்கு நாய் மாறும், பத்துப் பழத்தில் விழுந்த நாயும் உண்டாம். வாந்தி அன்றைக்கே வரும், சிறுநீரகம் கெட்டது ரத்தத்தில் தெரிய ஓரிரு நாள் ஆகும், அதனால் வாந்தி நின்றதும் சரியாகிவிட்டது என்று விட்டுவிடக் கூடாது. உலர்ந்த திராட்சையும் அப்படித்தான். திராட்சையில் இருக்கிற டார்டாரிக் அமிலம்தான் காரணம் என்று இப்போது நினைக்கிறார்கள். அது புளியிலும் உண்டு. அதிலிருந்து புளிச்சோற்று மிச்சத்தை வைப்பதையும் நிறுத்திவிட்டோம். மூன்று நாள் டிரிப்ஸ், இரண்டு தடவை ரத்தப் பரிசோதனை, 4,600 ரூபாய். பிழைத்துக்கொண்டது.

டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும்போது அத்தையிடம் கேட்டேன், “ஏன்த்தே, நான் கூப்புட்டா ஓடுது, ஒங்ககிட்ட வருது?” “நீ கூப்புட்டா கட்டிப்போட, நான் கூப்புட்டா சோத்துக்கு. நீயே சொல்லு, நீ எதுக்குப் போவ?” என்றார். டாக்டரும் அதையேதான் வேறு வார்த்தையில் சொன்னார்: ‘வா’ என்கிற சொல் கெட்டுப்போச்சு, அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசாக ஒரு சொல்லை எடுங்கள். அத்தை சொன்ன ‘இந்தா’வையே எடுத்துக்கொண்டேன்.

முதல் ஒரு வாரம் வீட்டுக்குள்ளேயே. அது எதுவும் செய்ய வேண்டியதில்லை. பக்கத்தில் படுத்திருக்கும், ‘இந்தா’ என்று ஒரே தடவை சொல்லி உடனே வாயில் ஒரு துண்டு. ஒருநாளைக்குப் பத்துப் பதினைந்து தடவை, அவ்வளவுதான். துண்டு என்றால் சுண்டுவிரல் நகம் அளவு. கறிக்கடையில் கோழிக் குடலைச் சுத்தம் பண்ணி ஒதுக்குகிற கல்லீரலை வாங்கி, உப்புக்காரம் வெங்காயம் எதுவும் போடாமல் வேகவைத்துப் பொடியாக நறுக்கி டப்பாவில் வைத்துக்கொள்வேன். அந்த அளவைச் சோற்றில் குறைத்துவிடுவேன். பிஸ்கட்டுக்கு வராத நாய் கோழிக்கு வரும். தெருவில் மற்ற நாய், குப்பை, மயில் எல்லாம் ஒருபக்கம் இழுக்கும்போது நம் கையில் அதைவிட ருசியானது இருக்க வேண்டாமா? நாலாம் நாளே ‘இந்தா’ என்றால் தலை சடக்கென்று திரும்பியது.

அப்புறம் அறைக்கு அறை, பிறகு கொல்லை, பிறகு வெளியே. வெளியே போகும்போது நீளக் கயிறு கட்டாயம். முதலில் நைலான் கொடிக்கயிறை எடுத்தேன், முயல் ஒன்றைக் கண்டு அது பாய்ந்ததில் கை தீய்ந்தது. தைக்கிறவளுக்குக் கயிறு எதற்கு? பைக்குக் கைப்பிடி தைக்கிற பட்டை நாடாவில் பத்து மீட்டர் வாங்கிக் கொக்கி வைத்துத் தைத்தேன். மார்போடு மாட்டுகிற வாரும் அதிலேயே. நீளக் கயிறைக் கழுத்துப்பட்டையில் மாட்டாதீர்கள், முழு வேகத்தில் ஓடி நுனிக்கு வரும்போது கழுத்தெலும்பு போய்விடும். கையில் சுற்றிக்கொள்ளவும் கூடாது, விரல் போய்விடும். கயிறு தரையில் இழுபடட்டும், தேவைப்பட்டால் காலால் மிதித்தால் போதும். சுண்டி இழுக்க அல்ல, ‘ஓடினால் ஓடிவிடலாம்’ என்று அது ஒருதடவைகூடக் கற்றுக்கொள்ளாமல் இருக்கத்தான் கயிறு.

நான் வைத்துக்கொண்ட சட்டங்களில் கஷ்டமானது, ஒரே தடவைதான் கூப்பிட வேண்டும் என்பது. வாய் சும்மா இருக்காது. பத்துத் தடவை கூப்பிட்டால், பத்தாவது தடவை வந்தால் போதும் என்று அது கற்றுக்கொள்ளும். வரும் என்று நூறு ரூபாய் பந்தயம் கட்ட மனசு வரவில்லையா, கூப்பிடாதே, நடந்துபோய்க் கயிறைப் பிடித்துக் கூட்டி வா. குளிப்பாட்டவும் ஊசிக்கும் அந்தச் சொல்லைத் தொடவே மாட்டேன், பேசாமல் போய்க் கூட்டி வருவேன். வந்ததும் முதலில் கழுத்துப்பட்டையைத் தொடுவேன், பிறகு தீனி. அந்த வரப்பில் நான் கழுத்தைப் பிடித்துக் கடிபட்டேனே, அதுக்கான மருந்து இது. பிடித்தால் ருசி என்று ஆனபிறகு அதுவே கழுத்தை நீட்டுகிறது. அப்புறம் ‘போ’ என்று திரும்ப விளையாட விட்டுவிடுவேன். பத்துத் தடவை கூப்பிட்டால் ஒன்பது தடவை விடுதலை, ஒரு தடவைதான் வீட்டுக்கு. எனக்குத் தெரிந்து கோழியைவிட இந்த ‘போ’தான் அதிகம் வேலை செய்தது.

ஓடும் நாயைத் துரத்தக் கூடாது, எதிர்ப்பக்கம் ஓட வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது நானும் சிரித்தேன். 43 வயசில் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு கால்வாய்க் கரையில் நாய்க்கு முதுகைக் காட்டி ஓடினேன். துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் “என்னக்கா, நாயி தொரத்துதா?” என்று எழுந்துவிட்டார்கள். ஆனால் அது வந்தது, வேகமாக வந்தது. ஓட முடியாதவர்கள் அத்தை மாதிரிப் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்தாலும் போதும்.

இரண்டு மாசத்தில் பழகிவிட்டது என்று எல்லோரிடமும் பெருமை பேசினேன். அதுக்கு எட்டு மாச வயசு முடிந்ததும் காது அடைத்துப்போனது. நம்ம வீட்டுப் பதினாலு வயசுப் பையன்கள் மாதிரிதான், கேட்கும், வராது. எல்லாம் வீண் என்று அன்றைக்கும் அழுதேன். டாக்டர், வயசு அப்படி, திரும்பக் கயிறு கட்டி முதல் பாடத்திலிருந்து ஆரம்பியுங்கள் என்றார். இன்னொரு மூன்று மாசம். தினம் ஐந்து நிமிஷம் காலையில், ஐந்து நிமிஷம் சாயங்காலம், அதற்கு மேல் நடத்தினால் அதுவும் சலித்துப்போகும், எனக்கும் ஜாக்கெட் நிற்கும்.

இப்போது அதுக்கு ஒன்றே கால் வயசு. கால்வாய்க் கரையில் மற்ற நாய்களோடு உருண்டுகொண்டிருக்கும்போது கூப்பிட்டால் வந்துவிடுகிறது. மயில் பறந்தால் மட்டும் எனக்கு நம்பிக்கை இல்லை, வேட்டைச் சாதி ரத்தம். ரோடு இருக்கிற பக்கம் எவ்வளவு பழகினாலும் கயிறை அவிழ்ப்பதில்லை. வெடி வெடிக்கிற நாளில் உள்அறையில், கதவைச் சாத்தி, ஃபேனையும் டிவியையும் சத்தமாக வைத்து, அத்தை பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்.

ஒரு தப்பு மட்டும் நடந்துவிட்டது. கூப்பிடுகிற சொல்லாக வீட்டில் வேறு எதற்கும் புழங்காத ஒன்றை எடுத்திருக்க வேண்டும். சனிக்கிழமை வீட்டுக்காரர் வந்து உட்கார்ந்ததும் “இந்தாங்க காப்பி” என்று வாயெடுத்தால் போதும், கொல்லையிலிருந்து பறந்து வந்து அவருக்கு முன்னால் உட்கார்ந்து என் கையைப் பார்க்கிறது. உட்கார்ந்ததற்கு ஏதாவது கொடுக்காமல் விட்டால் சொல் கெட்டுப்போகுமே என்று அவர் காப்பியோடு அதுக்கும் ஒரு துண்டு கோழி. இப்போதெல்லாம் டம்ளரைப் பேசாமல் நீட்டுகிறேன். “என்னடி, கோவமா?” என்கிறார்.